பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரு கூட்டுறவு

ஆசிரியருக்கு,
தென்காசி, திருநெல்வேலி மாவட்டப் பீடித் தொழிலாளர் கூலி பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். கூலியை உயர்த்துவது அவசியம்தான். ஆனால், தொழில் யார் கையில் இருக்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. வேலை நேரம், விடுப்பு போன்ற உரிமைகளைத் தொழிலாளருக்குத் தந்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்த முனைந்தபோது, தனியார் முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் பட்டறைகளை மூடிவிட்டு வெளியேறினர். வேலை இழந்தோருக்காக 1969இல் தொடங்கப்பட்டதே தினேஷ் பீடி தொழிலாளர் கூட்டுறவு. அங்கே உறுப்பினர்களுக்குச் சட்டப்படியான கூலியும் வருங்கால வைப்புநிதியும் விடுப்பும் கிடைத்தன. பீடி விற்பனை சரியத் தொடங்கியதும் அது ஊரைவிட்டுப் போகவில்லை. குடை, உணவுப் பொருள்கள் என மாற்றுத் தொழில்களில் இறங்கியது. உறுப்பினர்களுக்கு வேலை தருவதே அதன் நோக்கம் என்பதால்தான் இது நடந்தது.

என் தாயார் பல ஆண்டுகள் வீட்டில் பீடி சுற்றியவர். பீடிக் கடையில் தரும் இலை சொத்தையாக இருந்தால் குறையும் பீடிக்குத் தன் காசில் இலை வாங்கி ஈடுகட்டுவார். சரியில்லை என்று கடையில் கழித்த பீடிக்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்பி வராது. கேட்க அவருக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. பீடித் தொழில் சுருங்கிவரும் இந்நேரத்தில், இப்பெண்களையே உறுப்பினர்களாகக் கொண்ட தொழிற்கூட்டுறவுச் சங்கங்களைத் தமிழக அரசு தொடங்க வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்குப் பங்கு மூலதனம் அளிப்பதோடு, பள்ளிச் சீருடை தையல் போன்ற அரசுப் பணிகளையும் அவற்றுக்கு ஒதுக்கலாம்.

- வாசகர், தென்காசி மாவட்டம்