நார்தம் ரோட்டுக் கல்லறைகளும் உங்கள் தோட்டத்துச் சமாதிகளும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். பினாங்கில் மழை பிடித்துக்கொண்டது, அக்டோபர் முடியும்வரை விடாது.

நீ கடைசியில் எழுதியிருந்த விஷயம்தான் மனத்தை அரிக்கிறது. உங்கள் ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் இருக்கும் பழைய செங்கல் சமாதிகளின் காரையை, அதாவது சுண்ணாம்புப் பூச்சை, கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டு பூசி, மேலே டைல்ஸ் ஒட்டுவதாகக் கமிட்டி பேசியிருக்கிறது, காண்ட்ராக்டரும் விலை சொல்லிவிட்டார் என்றாய். கையெழுத்துப் போடாமல் நிறுத்திவை. ஏன் என்று சொல்ல நார்தம் ரோட்டுப் புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அந்தச் சாலைக்கு ஜாலான் சுல்தான் அகமது ஷா என்று பெயர். உங்கள் சமாதிகளும் அந்தக் கல்லறைகளும் ஒரே பொருளால் ஆனவை. ஒரே மழைதான் இரண்டின்மேலும் பெய்கிறது.

அந்த இடுகாடு எந்தத் தேவாலயத்தையும் சுற்றி வளர்ந்ததில்லை. பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் இறங்கினார், 1794இல் இறந்து இங்கே அடக்கமானார். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எழுந்தது 1818இல். புதைக்க இடம் முதலில் வேண்டியிருந்தது, தொழ இடம் பிறகுதான் வந்தது. பாரிஸில் பெர் லாஷேஸ் 1804இல் திறந்தபின் ஐரோப்பா முழுக்கப் பரவிய பூங்கா இடுகாடு, வளைந்த பாதைகள், திட்டம் போட்டு நட்ட மரங்கள் எல்லாம் இதற்குப் பிந்தியவை. இங்கே கல்லறைகள் ஒன்றன்பின் ஒன்றாக, கிடைத்த இடத்தில் நெருங்கி எழுந்தன. ஆளுநர்கள் பிலிப் டண்டாஸ் 1807இலும், வில்லியம் பெட்ரி 1816இலும், பானர்மன் 1819இலும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கிய பாதிரியார் ஹட்சிங்ஸ் 1827இல். பக்கத்திலேயே கத்தோலிக்கருக்குத் தனி இடம். 1892வாக்கில் புதிதாக அடக்கம் செய்வது நின்று வெஸ்டர்ன் ரோட்டு இடுகாட்டுக்குப் போனது. அப்படி நின்றதால்தான் இவ்வளவாவது மிஞ்சியது என்பது என் எண்ணம். இன்னும் புதைத்துக்கொண்டே இருந்திருந்தால் பழையவற்றை இடித்துத்தான் புதியவற்றுக்கு இடம் தந்திருப்பார்கள்.

கட்டட அமைப்பைப் பார்த்தால் கல்கத்தாவின் சாயல் தெரியும். பினாங்கு 1805வரை வங்காளத்தின் கீழ் இருந்தது, அந்த வருஷம்தான் தனி மாகாணமானது. கல்கத்தாவில் 1767இல் திறந்த சவுத் பார்க் ஸ்ட்ரீட் இடுகாட்டின் முறையே இங்கேயும்: செங்கல் உடம்பு, காரைத் தோல், பெயர் பொறித்த கல் பலகை. பெட்டி வடிவக் கல்லறைகளும் உச்சி கூர்ந்த நாற்கோணத் தூண்களும் தூரத்திலிருந்து கருங்கல் போலத் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், காரை பெயர்ந்த இடத்தில் செங்கல் எட்டிப்பார்க்கும். மெல்லிய பளிங்குத் தலைக்கற்களும் இரும்புக் கிராதியும் பொதுவாகப் பிற்காலத்து வேலை. தேதி அழிந்த கல்லறைக்குக்கூட அதன் உருவத்தை வைத்துக் காலம் ஓரளவு சொல்லலாம்.

இனி சுண்ணாம்புக்கு வருகிறேன். உன் பிரச்சினை முழுக்க அதில்தான் இருக்கிறது.

சுண்ணாம்புக் காரைக்கு நுண்துளைகள் உண்டு. தரையிலிருந்து செங்கலில் ஏறும் ஓதம் அந்தத் துளைகள் வழியே வெளியேறிக் காயும். கூடவே வரும் உப்பு காரையின் மேற்பரப்பில் பூக்கும். சில வருஷத்தில் காரை உதிரும், மறுபடி பூச வேண்டும். செங்கலைக் காப்பாற்றத் தன்னைத் தேய்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஓதம் வெளியே வர வழியில்லை. ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் செங்கலுக்குள்ளேயே படிகமாகிச் செங்கலைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் பூச்சு உறுதியாகத்தான் இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பார், வெற்று ஓசை கேட்கும். ஒருநாள் அது பலகையாகப் பெயர்ந்து விழும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். டைல்ஸும் எமல்ஷன் பெயிண்டும் அதே கெடுதலைத்தான் செய்யும், பெயிண்டு சற்று மெதுவாக.

உங்கள் சமாதியில் பழைய காரை என்ன கலவை என்று முதலில் தெரிந்துகொள். உதிர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றைப் பொடித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடு. காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், அடியில் மணல் தங்கும். அதைக் கழுவி உலர்த்திச் சலித்தால் மணல் எவ்வளவு பருமன், என்ன நிறம், செங்கல் தூள் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். புது மணலை அதற்கு ஒப்பாகத் தேடு. ஒன்று கவனி: சிப்பித் துணுக்கு கலந்த மணலாக இருந்தால் துணுக்கும் சேர்ந்து கரைந்துவிடும், கணக்குத் தப்பும். அதனால் ஒரு துண்டைக் கரைக்காமல் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொள்.

சுட்ட சுண்ணாம்பு கிடைத்தால் நீற்றிப் பயன்படுத்து. சுண்ணாம்பைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தண்ணீரைச் சுண்ணாம்பின்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறித்து முகத்தைச் சுட்டுவிடும். நீற்றியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, மூன்று மாதமாவது ஊறவிடு. ஊற ஊற வெண்ணெய் பதம் வரும். அவ்வளவு காலம் இல்லையென்றால் மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்பு போதும், ஆனால் பழைய மூட்டை வேண்டாம். அதையும் ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தே கலக்கு. அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல், அரைப் பங்கு சலித்த செங்கல் தூள். இங்கே காற்றில் ஈரம் அதிகம், சுண்ணாம்பு தானாக இறுக வெகுநாளாகும், செங்கல் தூள் அதை இறுக்கிக் கொடுக்கும். கடல் மணல் வாங்கவே வாங்காதே. உப்பை விரட்ட வேலை செய்கிறோம், நாமே கொண்டுவந்து பூசக் கூடாது.

செங்கலை முதல் நாளே நன்றாக நனைத்துவிடு. ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று தடவையாக நிரப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாரம். காரை கைக்கு இறுகத் தொடங்கும் வேளையில் மரப்பலகையால் மறுபடி அழுத்தித் தேய்க்க வேண்டும். இதை விட்டால் மயிரிழை வெடிப்பு விழும். அவசரக்காரக் கொத்தனார் இங்கேதான் கோட்டை விடுவார். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் நனைத்துவா. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது, அதற்குச் சிறிது ஈரம் வேண்டும். வெயிலில் சடக்கென்று காய்ந்தால் மேலே மாவாக உதிரும். மழை அடித்தால் கரைந்து ஓடும். ஆகவே தகரக் கூரையோ கித்தானோ போடாமல் வேலையை ஆரம்பிக்க விடாதே. கடைசியில் பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை மெல்லியதாக நாலைந்து தடவை அடி, ஒவ்வொன்றும் ஒருநாள் காயட்டும். தடிமனாக ஒரே தடவை அடித்தால் செதில் செதிலாக உரியும்.

நம் ஊர்ப் பெரிய மேஸ்திரிகள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் காரை குழைப்பார்கள். அருமையான முறைதான். ஆனால் பழைய காரையில் அது இருந்ததாகத் தெரியாமல் நாமாகச் சேர்க்க வேண்டாம். நிழலும் ஈரமுமான இடத்தில் பூஞ்சணத்துக்கு அது தீனி.

ஏற்கெனவே சிமெண்டு ஒட்டிய சமாதி இருந்தால், வெற்று ஓசை கேட்கும் இடத்தை மட்டும் உளியால் கையாலேயே எடு. டிரில் மெசின் கூடாது. செங்கலோடு கெட்டியாகப் பிடித்திருந்தால் விட்டுவிடு. எடுக்கப் போனால் சிமெண்டைவிடச் செங்கல்தான் அதிகம் போகும்.

காரைக்கு முன்னால் தண்ணீர். இந்தத் தீவில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கல்லறையின் அடியில் தண்ணீர் தேங்கினால் மேலே எத்தனை தடவை பூசினாலும் வீண். தரை சமாதியிலிருந்து விலகிச் சரிய வேண்டும், அறுபது அடிக்கு ஓர் அடியாவது இறக்கம் இருந்தால் நல்லது. லோங்காங் (வடிகால்) அடைத்திருக்கிறதா என்று முதலில் பார். சமாதியைச் சுற்றிச் சுத்தமாக இருக்கட்டும் என்று சிமெண்டுத் தளம் போடுவார்கள், அது பெரிய கேடு. மண்ணிலிருந்து ஆவியாக வேண்டிய ஈரம் தளத்தின் அடியில் அகப்பட்டு, போக்கிடம் இல்லாமல் செங்கலில் ஏறும். ஓர் அடி அகலத்துக்குச் சரளைக்கல் போடு, போதும். புல் மெசினின் நைலான் கயிறு காரையின் அடி விளிம்பை வாரம் தவறாமல் அறுக்கும். அந்தச் சரளைப் பட்டை அதையும் தடுக்கும்.

மரத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நார்தம் ரோட்டின் அழகில் பாதி கெம்போஜா மரங்கள், ஆங்கிலத்தில் ஃபிரான்ஜிபானி என்பார்கள். மலாய்க்காரர் இடுகாடுகளிலும் அதைத்தான் நடுகிறார்கள், காரணத்தோடுதான். அதன் வேர் சாதுவானது, அஸ்திவாரத்தைப் பிளக்காது. கிளை பரந்தாலும் இலை நெருக்கம் குறைவு, வெயில் இறங்கிக் கல்லைக் காயவைக்கும். அடர்ந்த நிழல் மரத்தின் கீழே உள்ள காரை வருஷம் முழுக்கப் பச்சைப் பாசியோடு இருக்கும். கொம்பை வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் பத்து நாள் நிழலில் வைத்து, மணற்பாங்கான மண்ணில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். பச்சையாக நட்டாலோ தண்ணீர் தேங்கினாலோ அழுகிவிடும். இலையடியில் ஆரஞ்சு நிறத் தூள் கண்டால் அது துருநோய். விழுந்த இலைகளை வாரி அப்புறப்படுத்திவிடு. கட்டை மென்மையானது, பழைய கிளை காற்றில் முறியும், எனவே சமாதிக்கு நேர் மேலே சாயும் கிளைக்கு முட்டுக் கொடு அல்லது பாரத்தைக் குறை. பெரிதாக அடர்ந்து வளரும் அங்சானா மரம் வேண்டவே வேண்டாம்.

பறவை எச்சத்தில் வரும் ஆல், அரசங்கன்றுதான் மெய்யான எதிரி. பென்சில் பருமன்வரை நனைத்துவிட்டுப் பிடுங்கலாம். கட்டைவிரல் பருமனுக்கு மேல் போனதை இழுத்தால் வேரோடு செங்கலும் வரும். அறுத்துவிட்டு, வெட்டுவாய் ஈரமாக இருக்கும்போதே, சில நிமிஷத்துக்குள், களைக்கொல்லியைத் தூரிகையால் தடவு. தெளிக்காதே. வேர் செத்துச் சுருங்கச் சில மாதமாகும். பிறகு துண்டு துண்டாக எடுத்து, பொந்தில் நீர்த்த சுண்ணாம்புச் சாந்தை ஊற்றி நிரப்பு. உங்கள் ஊரில் அரசமரத்தை வெட்டத் தயங்குவார்கள், அது புரிகிறது. கன்றாக இருக்கும்போதே கவனித்தால் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை.

எழுத்துப் பொறித்த கல்லை வாட்டர் ஜெட்டில் கழுவ விடாதே. குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்து உப்பை விட்டுப்போகும், அமிலம் பளிங்கைத் தின்னும், கம்பித் தூரிகை எழுத்தையே வழித்துவிடும். நல்ல தண்ணீரும் நைலான் தூரிகையும் மூங்கில் சிம்பும் போதும். கீழிருந்து மேலாகக் கழுவு, இல்லாவிட்டால் அழுக்குத் தாரை படியும். தொட்டால் சர்க்கரையாக உதிரும் பளிங்கைக் கழுவவே வேண்டாம். அழிந்த எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டியும் மாவும் தடவுவார்கள், தேவையில்லை. ஒரு நிலைக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்துக் கல்லின்மேல் விழச்செய், மறைந்த எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும். உங்கள் சமாதிகளில் தமிழ் எழுத்து இருக்கிறது என்றாயே, டைல்ஸுக்கு அடியில் போகவிருந்தது அதுதான். கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்வி இருந்தால் பார். துருப்பிடித்தால் பல மடங்கு உப்பிக் கல்லைப் பிளந்துவிடும். அதை எடுத்து 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போட வேண்டும்.

செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது என்பது உனக்குத் தெரியும். அந்தக் கைவேலையின் தொடர்ச்சி உங்கள் தோட்டத்துச் சமாதிகளிலும் இருக்கிறது. ஆளுநருக்குக் கொடுத்த அதே காரையைப் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆளுநரின் கல்லறைக்குக் காட்டும் கவனத்தை இவற்றுக்கும் காட்ட வேண்டும் என்று கமிட்டியில் தைரியமாகச் சொல்.

எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு சமாதிக்கும் எண் கொடுத்து நாலு பக்கமும் படம் எடு. இடுகாட்டை நூற்றுக்கு ஒன்று அளவில் வரைந்து எண்களைக் குறித்துக்கொள். பிறகு ஓரத்தில் இருக்கும் சின்னச் சமாதி ஒன்றை மட்டும் பூசி, ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுப் பாருங்கள். காண்ட்ராக்டர் சொன்ன தொகையில் சுண்ணாம்பு, மணல், கித்தான், பழகிய ஒரு கொத்தனாரின் கூலி எல்லாம் அடங்குமா என்று கணக்குப் போடு. உதிர்ந்த காரைத் துண்டு இரண்டை, எந்தச் சமாதி என்று எண் எழுதி, உறையில் போட்டு எனக்கு அனுப்பு. மணலைச் சலித்துப் பார்த்துக் கலவை எழுதுகிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டம் எப்போது என்றும் சொல்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பினாங்கு நண்பன்