அடைப்புக்குறி இல்லாத பெயர்

ஸ்காபரோ
வைகாசி, ஞாயிறு காலமை

அன்பின் மச்சான்,

நேற்று நீ போனை வைச்சாப்பிறகும் நான் குசினியிலையே நிண்டனான். மனிசி வந்து "ஆரப்பா, ஊரிலை ஏதும் நடந்ததோ?" எண்டு கேட்டா. ஊரிலை நடந்ததெல்லாம் எப்பவோ நடந்து முடிஞ்சுது, அது இப்பதான் எனக்குக் கேட்குது எண்டு சொல்ல வந்தது. சொல்லேல்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு.

போனிலை கதைக்கேக்கை ரெண்டு பேரும் மாறி மாறிச் சிரிச்சம், பிறகு ஆருக்குப் பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டம், பிறகு உனக்குப் பிரஷர் எனக்குச் சீனி எண்டு வந்து, கேட்கவேண்டியதைக் கேட்காமலே வைச்சிட்டம். அதாலைதான் இந்தக் காயிதம். படம் எடுத்து வட்ஸ்அப்பிலை அனுப்புறன், என்ரை கையெழுத்தை வாசிக்கிறது உன்ரை பாடு.

முதல்லை, உன்ரை நம்பர் எனக்கு எப்பிடிக் கிடைச்சது எண்டு கேட்டாய் எல்லே. இஞ்சை எங்கடை வயசு ஆக்கள் காலமை எழும்பினவுடனை முதல் பாக்கிறது மரண அறிவித்தல். பகிடி இல்லை, உண்மை. ஆர் எங்கை இருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரிய வாறதே ஆரும் செத்தாப்பிறகுதான். அப்பிடி ஒண்டிலை பிறந்த இடம் எங்கடை ஊர் மாவிட்டபுரம் எண்டு கிடந்தது, படத்தைப் பாத்தன். வெள்ளைச் சீலை, அதே மூக்குத்தி. எங்கடை கூட்டாளியின்ரை தாய், நாங்களும் அவவை அம்மா எண்டுதானே கூப்பிட்டனாங்கள். பசியோடை போனால் புட்டும் முரல் மீன் குழம்பும் தந்த கை.

"பாசமிகு தாயாரும்" எண்டதுக்கு மேலை பிள்ளையளின்ரை பெயர் ஒவ்வொண்டா வாசிச்சன். மூத்தவர், அடைப்புக்குறிக்குள்ளை சுவிஸ். அக்கா, அடைப்புக்குறிக்குள்ளை கனடா. கடைக்குட்டி, இலங்கை. நடுவிலை அவன்ரை பெயர். முன்னுக்குக் "காலஞ்சென்ற" எண்டு இல்லை. பின்னுக்கு நாடும் இல்லை. வெறும் பெயர், பிறகு ஒரு கால்புள்ளி.

கீழை தொடர்புக்கு எண்டு நாலு நம்பர். அதிலை ஒண்டு உன்ரை.

அந்த அறிவித்தலை எழுதிக் குடுத்தது நீதான் எண்டு நேற்றுச் சொன்னாய். "காலஞ்சென்ற" போடச் சொல்லி மூத்தவர் கேட்டதையும், நீ ஏலாதெண்டதையும், அவர் ரெண்டு நாள் உன்னோடை கதைக்காமல் இருந்ததையும் சொன்னாய். நான் அந்த நேரம் ஒண்டும் சொல்லேல்லை. மச்சான், நீ செய்தது சரி. அவர் கேட்டதும் பிழை எண்டு சொல்லமாட்டன், அவருக்கும் ஒரு முடிவு வேணும் எல்லே. ஆனால் அம்மா உயிரோடை இருக்கேக்கை போடவிடாத சொல்லை அவவின்ரை அறிவித்தலிலையே போடுறது எப்பிடி?

1996 இலை யாழ்ப்பாணத்திலை காணாமல் போன நூற்றுக்கணக்கான ஆக்களிலை அவன் ஒருத்தன். அது ஊருக்குக் கணக்கு. எங்களுக்கு, சீனி வாங்கச் சைக்கிளிலை சுன்னாகத்துக்குப் போன பெடியன். சைக்கிளும் வரேல்லை. மரணச் சான்றிதழ் எடுங்கோ எண்டு வந்தவைக்கும், பிறகு 2016 இலை சட்டம் வந்து காணாமற்போனதுக்கு ஒரு சான்றிதழ் எண்டு சொன்னவைக்கும் அம்மா சொன்ன பதிலை நீ அப்பிடியே சொன்னாய்: "செத்தவன் எண்டும் வேண்டாம், காணேல்லை எண்டும் வேண்டாம். அவன் வீட்டை இல்லை, அவ்வளவுதான்." 2017 மாசியிலை கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியிலை காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுத் தாய்மார் குந்தத் தொடங்கினாப்பிறகு, முழங்கால் நோவோடை ரெண்டு தரம் பஸ் ஏறிப்போய் அவையோடை இருந்திட்டு வந்தவா எண்டும் சொன்னாய். 2015 இலை நான் வந்தனான் மச்சான். அவவைத் தேடேல்லை. உன்னையும் தேடேல்லை.

அதைச் சொல்லத்தான் வேணும். அந்த வருசம் தைப் பிறக்க முன்னம் ரயில் திரும்பவும் காங்கேசன்துறை வரைக்கும் ஓடத் தொடங்கீட்டுது எண்டு கேள்விப்பட்டு, கொழும்புக் கோட்டையிலை ஏறிக் கடைசி ஸ்ரேசன்வரை வந்தன். இறங்கி நடந்தால் எங்கடை ஒழுங்கை ஆமியின்ரை முள்ளுக்கம்பிக்கு அங்காலை. ஒரு பனை தெரிஞ்சுது, அது எங்கடை வளவுப் பனைதான் எண்டு நினைச்சன், பிறகு எல்லாப் பனையும் அப்பிடித்தானே எண்டு பட்டுது. ஓட்டோக்காரப் பெடியன் "அங்கிள், படம் எடுக்காதேங்கோ" எண்டான். அண்டைக்குப் பின்னேரமே யாழ்ப்பாணம் போய், மற்ற நாள் கொழும்புக்கு ஏறீட்டன். நீ அப்ப சுன்னாகத்திலை வாடகை வீட்டிலை இருந்தனி எண்டு நேற்றுத்தான் தெரியும். கேட்டிருந்தால் ஆரும் காட்டியிருப்பினம். கேட்கப் பயமாயிருந்தது. ஆர் இருக்கினம் எண்டு கேட்டால் ஆர் இல்லை எண்டும் சொல்லுவினம் எல்லே.

இப்ப நீ திரும்ப வளவிலை இருக்கிறாய், கிணறு இறைச்சு முடிஞ்சுது, தண்ணி நல்லது எண்டு கேட்கச் சந்தோசம். 1990 ஆனியிலை ரெண்டு கிழமையிலை வருவம் எண்டு படலையைச் சாத்திப்போட்டுப் போன கிணறு.

அந்தப் பொருளாதாரத் தடை வருசங்களை என்ரை மகளுக்குச் சொன்னால் அவள் சினிமாக் கதை மாதிரிக் கேட்கிறாள். ஜாம்போத்தில் விளக்கிலை படிச்சது, பஞ்சும் நூல்திரியும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும். மோட்டச்சைக்கிளுக்குக் காபரேற்றரிலை ரெண்டு துளி பெற்றோலைக் காட்டி ஏமாத்திப்போட்டுப் பிறகு மண்ணெண்ணெயிலை ஓடினது. பனம்பழத்திலை உடுப்புத் தோய்ச்சது. அவளுக்கு எல்லாத்திலும் பிடிச்சது சைக்கிள் ரேடியோதான். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலை வயர் குடுத்து, ஒருத்தன் பெடலைச் சுத்த மற்றவை கேட்கிறது. 1992 உலகக்கிண்ணம் முழுக்க அவன்தான் சுத்தினவன், ஞாபகமோ? பாகிஸ்தான் வெல்லப்போற நேரம் அவன் துள்ள, கை விட, ரேடியோ நிண்டுபோச்சு. நீ அவனை அடிக்கக் கலைச்சனி.

இரவிலை பிபிசி தமிழோசைக்கு மட்டும் பெடல் வேண்டாம் எண்டு அவன் ரெண்டு பற்றரி ஒளிச்சு வைச்சிருந்தவன். பற்றரிக்குத் தடை, ஒரு சோடி பவுன் மாதிரி. பகலிலை வெய்யில்லை காயவைச்சு, இரவிலை போட்டுக் கேட்கிறது. 1993 இலை நான் கிளாலியாலை வெளிக்கிட்ட அண்டைக்குப் பின்னேரம், ரோச் லைற்றுக்குள்ளை அந்த ரெண்டு பற்றரியையும் போட்டு என்ரை கையிலை தந்தவன். "கடலுக்குள்ளை இருட்டு மச்சான்" எண்டான். "போய்ச் சேர்ந்தவுடனை காயிதம் போடு" எண்டான். வள்ளத்திலை ரோச் அடிக்கவே விடேல்லை. கொழும்புவரை அது என்ரை பைக்குள்ளைதான் கிடந்தது.

இனி நான் கேட்க வந்தது. அதுக்கு முன்னம் தேசிக்காய்.

எட்டாம் வகுப்பிலை, நிலாவரைக் கிணத்துக்குள்ளை போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியிலை மிதக்கும் எண்டு ஆச்சி சொன்ன கதையைச் சோதிச்சுப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டம். சிவப்புப் பேனையாலை மூண்டு பேரின்ரை முதலெழுத்தும் எழுதினம். நான் சைக்கிளிலை நிலாவரைக்கு. நீங்கள் ரெண்டு பேரும் கேணிக்கட்டிலை காவல். ஒரு பக்கம் கடல் உப்புக்கரிக்க, சுவருக்கு இஞ்சாலை நல்ல தண்ணி, பெய்யிற மழை சுண்ணாம்புக்கல்லாலை இறங்கி வாறது எண்டு மாஸ்ரர் படிப்பிச்சவர், அப்ப தேசிக்காயும் வரத்தானே வேணும். நீ பசியிலை வீட்டை போயிட்டாய். அவன் இருட்டும்வரை இருந்தவன். மற்ற நாள் விடிய ஒரு தேசிக்காயோடை பள்ளிக்கூடத்துக்கு வந்து, எழுத்துத் தண்ணியிலை அழிஞ்சு போச்சு, ஆனால் இதுதான் அது எண்டு சாதிச்சவன். சனம் தேசிக்காய் தேய்ச்சு முழுகிற கேணி அது, எந்த நாளும் நாலு மிதக்கும். நீ அப்பவே சொன்னனி, அவன் கேட்கேல்லை.

மச்சான், நான் நிலாவரைக்குப் போகவே இல்லை. அச்சுவேலிக்குக் கிட்டச் சில்லுக் காத்துப் போச்சு. ஒட்டுப்போட்டவர் தாகத்துக்குத் தண்ணி தந்தார், அந்தத் தேசிக்காயையும் அதிலை பிழிஞ்சு குடிச்சிட்டுத் திரும்பினனான்.

இதை முதன்முதல் ஒப்புக்கொண்டு எழுதினது உனக்கில்லை, அவனுக்கு. கனடாவிலை வேலை, கடன், பனி எண்டு ரெண்டு வருசம் ஒரு வரியும் எழுதாமல், 1995 புரட்டாதியிலைதான் முதல் காயிதம் போட்டனான். ஆறு பக்கம். பற்றரிக்கு நன்றி, தேசிக்காய்க்கு மன்னிப்பு. அடுத்த மாதம் முப்பதாம் திகதி, ஆமி கிட்ட வர, வலிகாமச் சனம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தாலை தென்மராட்சிக்கு நடந்தது. காயிதம் அதுக்கு முன்னம் வந்துதோ, பிறகு வந்துதோ, வழியிலை எங்கையும் மூட்டையோடை கிடந்து உக்கிச்சுதோ தெரியாது. சாவகச்சேரியிலை ஒரு கொட்டிலுக்குள்ளை நீயும் அவனும் ஆறு மாதம் ஒண்டாய் இருந்தனீங்கள் எண்டு நேற்றுச் சொன்னாய். அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும். அவனுக்கு என்ரை காயிதம் கிடைச்சதோ?

போனிலை இதைக் கேட்க வாய் வரேல்லை. இல்லை எண்டு நீ உடனை சொல்லிப்போடுவாய் எண்டு பயம். கிடைச்சது, ஆனால் பதில் எழுதேல்லை எண்டாலும் பயம்தான்.

அம்மாவின்ரை அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போகேக்கை, அவனுக்கும் சேர்த்துச் செய்யச்சொல்லி ஆரும் சொல்லுவினம். தாய்க்குச் சித்திரைப் பறுவம், தேப்பனுக்கு ஆடி அமாவாசை. காத்தோட்டிக்காய் தேடி வாங்கி இஞ்சையும் விரதம் பிடிக்கிறம். கூட்டாளிக்கு எண்டு ஒரு நாள் எங்கடை ஆக்கள் வைக்கேல்லை. அதாலை உனக்கும் எனக்கும் அதிலை சொல்ல உரிமையும் இல்லை. மூத்தவர் செய்தால் செய்யட்டும், நீ சண்டை பிடிக்காதை. அறிவித்தலிலை நீ விட்ட இடம் காணும்.

ஆடி அமாவாசைக்கு, மாவிட்டபுரக் கந்தசாமியார் தீர்த்தத்துக்குக் கீரிமலைக்கு எழுந்தருளுற நாளுக்கு, வர லீவு கேட்டிருக்கிறன். இந்த முறை ஓட்டோ வேண்டாம், ஸ்ரேசனுக்கு நீ வா.

வீட்டிலை எல்லாரையும் கேட்டதாச் சொல்லு. நாளைக்கு உங்கடை நேரம் இரவு 9.15க்கு எடு, எனக்குக் காலமை 11.45, வேலையிலை பிரேக் எடுத்து வெளியாலை நிப்பன்.

உன்ரை,
சில்லுக் காத்துப் போனவன்