பகிர்ந்த கோப்புகள் யாருடையவை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அல்சூரில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்துகிறோம். வரவு செலவுக் கணக்கு, பாடங்கள், பொங்கல் விழாப் படங்கள் எல்லாம் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருந்தன, எல்லோருக்கும் பகிர்ந்திருந்ததால் எல்லோருக்கும் சொந்தம் என்றுதான் நினைத்திருந்தோம். அதைப் பார்த்துக்கொண்ட நண்பர் வேறு ஊருக்குப் போனபோது தன் பழைய கூகுள் கணக்கை மூடினார். அப்புறம் பார்த்தால் பாதிக்கு மேல் காணோம். அவர்மேல் குறையில்லை, அவருக்கும் தெரியாது.

தனிநபர் கணக்கில் கோப்பை ஏற்றியவர்தான் உரிமையாளர். மற்றவர்களுக்குக் கிடைப்பது பார்க்கவோ திருத்தவோ அனுமதி மட்டும். கோப்பு உட்கார்ந்திருப்பதும் உரிமையாளருடைய இலவச 15 ஜிபி இடத்தில்தான், அதிலேயே ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு கேட்கும். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கையும் கூகுள் நீக்கிவிடலாம்.

அதனால் சங்கம், கோயில் கமிட்டி என்று எது வைத்திருந்தாலும், பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தை வாங்குவது போலக் கோப்புகளின் உரிமையையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஆதார் நகலை ‘இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று வைக்கவே வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பு யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பெயரும் ‘புதியது’, ‘கடைசி’ என்றில்லாமல் 2025-01-14 என வருடத்தில் தொடங்கினால் கோப்புகள் தானாக வரிசையில் நிற்கும்.

எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது பாடங்கள் மட்டும்தான், ஓர் ஆசிரியை தன் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் வைத்திருந்தார்.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு