செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், விடுமுறை நாளென்றும் பாராமல் இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பு என்ற முறையில், மதுரையில் நாம் நடத்திவரும் நாய்ப் பயிற்சிச் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

ஞாயிறு காலைப் பயிற்சி வகுப்புகள் வழக்கம்போல் நடைபெற்றன. கோடை மாதங்களில் வகுப்பு ஐந்தரை மணிக்கே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கப்பட்டது. நமக்கு மைதானம் தந்துள்ள பள்ளி வாக்குச்சாவடியாக இருந்ததாலும், அடுத்த சில நாட்களில் அழகர் ஆற்றில் இறங்கும் வைபவம் இருந்ததாலும் 2024 ஏப்ரல் 21 அன்று வகுப்பு இல்லை. அக்டோபர் இறுதியில் மதுரையில் பெய்த பெருமழையில் மைதானம் குளமானதால் மேலும் ஒரு வகுப்பு கைவிடப்பட்டது. செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தை ஒட்டித் தடுப்பூசி முகாம் நடைபெற்றது. குடியரசு நாளன்று கொடியேற்றி இனிப்பு வழங்கப்பட்டது. செயற்குழு விதிப்படி கூடியது. குறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு வந்திருந்தவர்களைக் கொண்டே நடத்திய கூட்டங்களும் இதில் அடங்கும்.

இவ்வாண்டு சங்கத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. 2024 மார்ச் மாதம் மத்திய அரசு, பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இன நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதும், ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்ததும் உறுப்பினர்கள் அறிந்ததே. அந்தக் குழப்பம் அடங்குமுன், மே மாதத் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன் பிறகு சில வாரங்களுக்கு என் கைப்பேசிக்கு ஓய்வே இல்லை. அழைத்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றுதான்: தங்கள் நாயைப் பதினைந்து நாளில் சாதுவாக்கித் தர முடியுமா என்பது. சிலர் அதற்கு நேர்மாறாக, அந்நியரைக் கண்டால் பாயும்படி பழக்கித் தர முடியுமா என்றும் கேட்டார்கள். முதல் வகையினரிடம், நாய்க்குட்டி மனிதரையும் பிற நாய்களையும் வாகன இரைச்சலையும் அச்சமின்றி ஏற்கப் பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரைதான் என்றும், அதைத் தவறவிட்டால் பின்னர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும் என்றும் எடுத்துரைத்தேன். இரண்டாம் வகையினருக்கு, அத்தகைய பயிற்சியை நம் சங்கம் எந்நாளும் அளித்ததில்லை, இனியும் அளிக்காது என்பதைத் தெளிவாகவே சொல்லிவிட்டேன். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றுக்கு அஞ்சித் தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பவர்களுக்காக, குட்டியைத் தரையில் விடாமல் கையில் ஏந்தியபடியே கடைவீதியையும் பேருந்து நிறுத்தத்தையும் காட்டிவரும் முறை ஒன்றைத் தொடங்கினோம். இதற்குச் செலவு எதுவுமில்லை, வருபவர்களும் அதிகமில்லை.

அடுத்து, இவ்வாண்டில் மிகுதியாக விவாதிக்கப்பட்டதும், என்மீது சில மனத்தாங்கல்களுக்குக் காரணமானதுமான புதிய விதியைப் பற்றி. 2024 ஜூன் மாதச் செயற்குழுவில் என் முன்மொழிவின்பேரில், பயிற்சிக்கு வரும் நாயின் கயிறு, வீட்டில் அந்த நாயோடு வாழ்பவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஓட்டுநரிடமோ, காவலாளியிடமோ நாயை ஒப்படைத்து அனுப்பும் வழக்கம் அன்றோடு நிறுத்தப்பட்டது. செயலாளர் ஓட்டுநர்களை இழிவுபடுத்துகிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். உண்மை அதற்கு நேர் எதிரானது. நம் மைதானத்தில் நான் கண்ட மிகச் சிறந்த பயிற்சியாளர்களில் மூவர் ஓட்டுநர்கள். சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்கியது.

விதிக்கு முந்தைய தேர்வு நாளில் நடந்ததை அன்று வந்திருந்த சிலர் நினைவில் வைத்திருக்கலாம். லாப்ரடார் ஒன்று மூன்று மாதம் ஓட்டுநருடன் தவறாமல் வந்து, கயிறு தளர்ந்திருக்க அவரது இடது கால் அருகே நடக்கவும், 'ஸ்டே' என்றதும் அசையாமல் அமரவும் கற்றிருந்தது. தேர்வுக்கு உரிமையாளர் புதுக் காலணியுடன் நேரில் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். 'சிட், சிட், சிட்' என்று அவர் சொல்லச் சொல்ல, நாய் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கார் அருகே நின்றிருந்த ஓட்டுநரை நோக்கி அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஓட்டுநரின் முன் சென்று, யாரும் சொல்லாமலே ஒழுங்காக உட்கார்ந்தது. நடுவர் மேசையில் இருந்த எங்களுக்கு மதிப்பெண்ணை யாருக்குப் போடுவது என்பதே தெரியவில்லை. அந்த ஓட்டுநர் இரண்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நாய் மீண்டும் மாடியில் கட்டப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாய் கற்பது சொல்லை மட்டுமன்று. சொல்பவரின் நிற்கும் விதம், குரல், சரியாகச் செய்த ஓரிரு நொடிக்குள் அவர் கையிலிருந்து வரும் ஈரல் துண்டு ஆகிய அனைத்தையும் சேர்த்தே கற்கிறது. ஒரே கட்டளையை மூன்று முறை சொல்லும் வீட்டில், மூன்றாவது முறைதான் கட்டளை என்று அது புரிந்துகொள்கிறது. இவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் தன்னார்வலர்கள் மைதானத்தில் வியர்வை சிந்துவதில் பொருளில்லை.

இவ்விதியால் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. சந்தா வருவாயும் அதற்கேற்பக் குறைந்தது. பொருளாளர் அவர்கள் இது குறித்துச் செயற்குழுவில் தெரிவித்த கவலை நியாயமானதே. ஆயினும், விலகியவர்களில் பெரும்பாலோரை நான் மைதானத்தில் கண்டதே இல்லை என்பதையும், அவர்களது நாய்களை மட்டுமே அறிவேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

விதியின் பயனுக்கு ஒரு சான்று போதும். ஆகஸ்டில் ஆறு மாத வெள்ளை ராஜபாளையம் ஒன்றை ஓர் அம்மையார் அழைத்து வந்தார். எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, பிடிவாதம் என்று அதனை வேறு ஓர் இடத்தில் கழுத்தை இறுக்கும் சங்கிலி போட்டுப் பழக்கியிருந்தார்கள். நம் தன்னார்வலர் ஒருவர் அதன் பின்னால் நின்று இரும்புத் தட்டைத் தரையில் போட்டார். மைதானத்தில் இருந்த அத்தனை நாய்களும் துள்ளின, இது மட்டும் எறும்பு ஒன்றை முகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அரிதன்று என்பதை அந்த இனத்தை வளர்ப்பவர்கள் அறிவார்கள், விற்பவர்கள்தாம் சொல்வதில்லை. அன்றே சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கைச் சைகைகளைத் தொடங்கினோம்: உள்ளங்கை மேல்நோக்கி உயர்ந்தால் உட்கார வேண்டும், கை மார்பை நோக்கி வளைந்தால் வர வேண்டும், கட்டைவிரல் உயர்ந்தால் நல்ல பிள்ளை. காது கேளாத நாய் தன் ஆளின் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும் என்பதால், பார்க்கும் ஒவ்வொரு முறையும் தீனி கொடுக்க வேண்டும். இதனைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய இயலாது. அந்த அம்மையார் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பிப்ரவரித் தேர்வில் அந்த நாய் முதல் நிலையில் தேறியது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கென நான் தொடங்கிய தனி வகுப்பும் நடைபெறுகிறது. பார்வையால் வேட்டையாடும் இனங்கள் ஆகையால், ஓடும் முயலோ பூனையோ கண்ணில் பட்டபின் கூப்பிட்டால் அவற்றின் காதில் எதுவும் ஏறாது. ஆகவே பத்து மீட்டர் நீளக் கயிற்றில் கட்டி, அவை ஓடத் தொடங்குமுன் அழைத்துப் பழக்குகிறோம். தேர்ச்சி மெதுவாகத்தான் வருகிறது.

தீபாவளிக்கான வெடிச்சத்தப் பயிற்சி ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டது. பதிவு செய்யப்பட்ட ஒலியை மிகக் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டு, நாய் உண்ணும்போதே கேட்கச் செய்து, அது அஞ்சாத வரையில் மட்டும் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்பதே முறை. காலை ஆறு முதல் ஏழு வரையும் இரவு ஏழு முதல் எட்டு வரையும் மட்டுமே வெடிக்கலாம் என்ற அரசு விதியை நம்பி நடைப்பயிற்சி நேரத்தை வகுத்துத் தந்தோம். நகரம் அதனை எந்த அளவுக்குப் பின்பற்றியது என்பதை அனைவரும் கேட்டிருப்பீர்கள். ஆகஸ்டில் சேர்ந்தவர்களின் நாய்கள் ஓரளவு தாங்கின. தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு என்னை அழைத்து உடனடித் தீர்வு கேட்டவர்களுக்கு, சன்னலை மூடி மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தன்னார்வலர் பட்டியலில் பதினோரு பெயர்கள் உள்ளன. மைதானத்தில் கூம்புகளை அடுக்குவதும், நாய்களின் கழிவை அள்ளுவதும், வாயிற்கதவின் சாவியை வாங்கி மீண்டும் ஒப்படைப்பதும் நால்வர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் கல்லூரி மாணவி. தேர்வுக் காலத்திலும் வந்தார். எஞ்சிய எழுவரும் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் காலை வணக்கமும், தத்தம் நாய்களின் பிறந்தநாள் கேக் படங்களும் அனுப்பிவருகிறார்கள். அவர்களது ஈடுபாட்டை நான் ஐயுறவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அந்த ஈடுபாடு எங்கே போகிறது என்பதுதான் புரியவில்லை.

சந்தா நிலுவை குறித்து எழுத எனக்கு விருப்பமில்லை என்றாலும் எழுதாமல் இருக்க இயலவில்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாய், அதாவது மாதம் 50 ரூபாய். ஒருமுறை நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டும் நிலையத்தில் அதைவிடக் கூடுதலாகத் தயக்கமின்றிக் கொடுப்பவர்கள், 'நாளைக்கு ஜிபேயில் போட்டுவிடுகிறேன்' என்று பல மாதங்களாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டு ஆண்டு நிலுவை உள்ளவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பது விதி. இன்று அவ்விதியைக் கறாராகக் கடைப்பிடித்தால் செயற்குழுத் தேர்தலை நடத்தவே ஆள் போதாது என்பதால், தலைவர் அவர்களின் ஆலோசனைப்படி இம்முறை தளர்த்தப்படுகிறது. பெயர்ப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்றும் அவர் பணித்திருக்கிறார், பணிகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகக் கூறினால், வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகியுள்ளன. நீளக் கயிறுகள், முதலுதவிப் பெட்டி, முகாம் ஏற்பாடு, தீனி, இதர சில்லறைச் செலவுகள் ஆகியவையே முதன்மைச் செலவினங்கள். ஈரல் வாங்கியதற்குப் பல வாரங்களில் ரசீது இல்லை. கோழிக்கடைக்காரர் ரசீது தருவதில்லை என்பதைத் தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். முந்தைய ஆண்டின் சிறு இருப்பு இன்னும் வங்கியில் உள்ளது.

தடுப்பூசி முகாமுக்குக் கட்டணமின்றி வந்த கால்நடை மருத்துவருக்கும், மைதானம் அளித்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒலிப்பெருக்கி தந்துதவிய உறுப்பினருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி இரண்டு செய்திகள். பேருந்துகளை நிறுத்த இடம் தேவைப்படுவதால் மைதானத்தை நவம்பருக்குள் திரும்பத் தர வேண்டுமெனப் பள்ளி நிர்வாகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. அவர்களைக் குறைசொல்ல வழியில்லை. இத்தனை ஆண்டுகள் வாடகை வாங்காமல் தந்தார்கள். நமக்குத் தேவைப்படுவது இருபது சென்ட் அளவுக்குச் சமதரையும், சுற்றிலும் நாய் தாண்டாத வேலியும், ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டுமே. நான் எவரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. ஆயினும் சுற்றுச்சாலைப் பக்கம் வேலியிட்ட காலி மனைகள் நம் உறுப்பினர்கள் சிலரிடம் இருப்பது, குட்டியை ஓடவிட்டு அவர்களே அனுப்பிய காணொளிகளிலிருந்து தெரியவருகிறது. வாரத்தில் மூன்று மணி நேரம் நாய்கள் நடப்பதால் மனைக்கு எந்தத் தீங்கும் நேராது. கழிவை அள்ளும் பொறுப்பை எழுத்து மூலம் ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

மற்றொன்று, செயலாளர் பொறுப்பு. விதிப்படி என் பதவிக்காலம் இன்றுடன் முடிகிறது. புதியவர் எவரேனும் முன்வந்தால் பதிவேடுகளையும் சாவிக்கொத்தையும் கைப்பேசி அழைப்புகளையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். முன்வருபவர் மேற்கண்ட ஜூன் மாத விதியை நீக்காமல் இருந்தால் அந்த மகிழ்ச்சி கூடுதலாக இருக்கும். எவரும் முன்வராத நிலையில் என் பெயரே மீண்டும் முன்மொழியப்படுமானால், தன்னார்வலர் பட்டியலில் உள்ள பதினொருவரில் ஏழு பேராவது மாதம் இரு ஞாயிறுகள் வருவதாகக் கையெழுத்திட்ட பின்னரே அதற்கு இசைவேன். அதற்கான படிவம் வருகைப் பதிவேட்டுக்கு அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. பொருளாளர் அவர்கள் மதிய உணவு முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் அதே மேசையில் இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
மதுரை, ஜூன் 2025