மாடிப்படி செட்: யாரிடமாவது பழைய பிளைவுட் இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். புது நாடகத்துக்கு மாடிப்படி வேண்டும். வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா செட் சாமான் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஒத்திகை நாட்களையும் சேர்த்தால் வாடகை, வண்டிக்கூலி எல்லாம் நமக்குக் கட்டாது. நாமே செய்துவிடலாம்.

முழு மாடி தேவையில்லை. மூன்றடி உயரத்தில் ஒரு மேடைப்பெட்டி, அதில் ஏற ஐந்து படி. ஏறியவர் பக்கத் திரைக்குள் திரும்பிவிட்டால் மேலே மாடி இருப்பதாகச் சபையே நம்பிவிடும். (பின்பக்கம் இறங்கவும் படி வேண்டும், இருட்டில் யாரையும் குதிக்கச் சொல்ல முடியாது!) ஒவ்வொரு படியும் 6 அங்குல உயரம், கால் வைக்க 10 அங்குல அகலம்; கடைசிப் படியிலிருந்து பெட்டிக்கு ஏறவும் அதே 6 அங்குலம். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும் புடவையில் இறங்குபவர் தடுக்கி விழுவார், ஆசாரியிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மிதிபலகைக்கு 18 மி.மீ. பிளைவுட். ஆணிக்குப் பதில் போல்ட் போட்டால் கழற்றிக் குட்டி யானையில் ஏற்றலாம், அடுத்த நாடகத்துக்கும் ஆகும்.

கைப்பிடிக்கு மட்டும் பழைய வீடு இடித்த சாமான் கடைகளில் தேடுவோம். கடைந்த மரம் கிடைத்தால் பெயின்ட் செலவுகூட மிச்சம்.

பிளைவுட், டிரில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள் ஞாயிறு ஒத்திகைக்குள் இங்கே சொல்லுங்கள். அப்புறம், செட்டை வைக்க இடம் தரக்கூடியவர்களும்.