மொட்டை மாடி பொதுன்னா வெயிலும் பொதுதானுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க. போன இதழ்ல ஜெர்மனி ஃப்ரைபர்க்ல ரோல்ஃப் டிஷ்ங்கிற ஆர்க்கிடெக்ட் கட்டின சோலார் குடியிருப்பு பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. 59 வீடு, கூரையே பேனல், செலவழிக்கிறத விட அதிகமா கரண்டு எடுக்குறாங்கன்னு படிக்க சந்தோஷமா இருந்துச்சு. ஆனா கடைசில, நம்ம ஊர்ல பத்து குடும்பம் சேர்ந்து ஒரு மொட்டை மாடிய பகிர்ந்துக்க மாட்டாங்கன்னு ஒரு வரி வருதே, அத படிச்சதுல இருந்து மனசு ஆறலைங்க.

நாங்க கோயமுத்தூர்ல பதினாறு வீடு அபார்ட்மெண்ட். மூணு வருஷம் மீட்டிங் போட்டு, கோவிச்சுக்கிட்டு, மறுபடி பேசி, லிப்ட்டு மோட்டார் வராண்டா லைட்டுக்குன்னு 10 கிலோவாட் சோலார் பேனல் போட்டோம். பேனல தரையோட படுக்க வெக்காம எட்டடி உசரத்துல இரும்பு ஸ்ட்ரக்சர் அடிச்சதால கீழ துணியும் காயுது வடகமும் காயுது, சாயங்காலம் அந்த நிழல்லதான் எல்லாரும் உக்காந்து பேசறோம். வெயில் கரண்டுலயே ஓடட்டும்னு, விடியக்காலைல ஓடுன மோட்டார 11 மணிக்கு மாத்திட்டோம். பில்டர் தெக்கு பக்கமா தண்ணி டேங்க கட்டி வெச்சு ரெண்டு பேனலுக்கு மதியம் வரைக்கும் நிழல் விழுது, அதுக்கு நாங்க என்ன பண்றது? கட்டும்போதே வெயில் எந்தப் பக்கம்னு பாக்காத பில்டிங்கோட விளம்பரத்த நீங்களும் முழுப்பக்கம் போடறீங்க.

2022 செப்டம்பர்ல அபார்ட்மெண்ட் பொது மீட்டருக்கு யூனிட் 8 ரூபான்னு வந்தப்பவே உங்களுக்கு கடிதம் எழுதுனேன், வரல. அடுத்த வருஷம் பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிப்ட் இல்லாத இடத்துக்கு மட்டும் 5.50ஆ குறைச்சாங்க, நாங்க அதுலயும் சேரல, அப்பவும் எழுதுனேன், அதுவும் வரல.

சேர்ந்து செய்யறது நமக்கு தெரியாதுன்னு எப்படிங்க சொல்லலாம்? மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்து 2006லயே கடன் வாங்கி ஒன்றரை கோடிக்கு மேல செலவு பண்ணி உடுமலை பக்கம் 350 கிலோவாட் காத்தாடி போட்டது உங்களுக்கு தெரியாததில்ல. ஆரோவில் சோலார் கிச்சன்ல கூரை மேல 15 மீட்டர் அகலத்துக்கு கண்ணாடி பதிச்ச கிண்ணம், வெயில்ல நீராவி எடுத்து ஊருக்கே பொதுவா சமைக்கிறதுக்குன்னே கட்டுனது. இதெல்லாம் இங்க பக்கத்துலதான இருக்கு, ஃப்ரைபர்க் போன கட்டுரையாளருக்கு ஓடந்துறைக்கு பஸ் கிடைக்கலையான்னுதான் வருத்தமா இருக்கு.

பெருசா ஒண்ணும் கேக்கலைங்க. கூரை சோலாருக்குன்னு மத்திய அரசு 2024ல கொண்டு வந்த சூர்ய கர் திட்டத்துல குடியிருப்போர் சங்கத்தோட பொது உபயோகத்துக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபா மானியம் உண்டு. எங்க பக்கத்து பில்டிங்காரங்களுக்கே இது தெரியாது. தனி வீட்டுக்கு 78,000 வரைக்கும்னு மட்டும் எல்லாரும் எழுதறாங்க. அடுத்த இதழ்ல ஒரு ஓரமா நாலு வரில இத போடுங்க, இடம் இருந்தா அந்த ஒரு வரிக்கு திருத்தமும் போடுங்க.

பதினாறு வீட்டுல ஒரு வீட்டுக்காரன்,
கோயமுத்தூர்