அவசர வழியில் பூட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் குடும்பத்தோடு இரவுக் காட்சிக்குப் போயிருந்தோம். இடைவேளையில் பேரனைக் கழிவறைக்குக் கூட்டிப் போனபோதுதான் பார்த்தேன், 'அவசர வழி' என்று பச்சை விளக்கு எரிகிற கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது, அதற்கு முன்னால் உடைந்த நாற்காலிகளும் காலி சோடாப் பெட்டிகளும் வேறு. பக்கத்தில் தொங்கிய தீயணைப்பான் காலாவதியாகி ஒன்றரை வருஷம். ஊழியரிடம் கேட்டால், "திறந்து போட்டா டிக்கெட் இல்லாம உள்ள வந்திருதாங்க சார்" என்கிறார். சரி, அதற்கு ஆள் போட வேண்டியதுதானே?

1997-இல் டெல்லி உப்கார் தியேட்டரில் 59 பேர் இறந்தது பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறித்தான்; அங்கேயும் கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, 1979-இல் தூத்துக்குடி டூரிங் டாக்கீஸ் எரிந்தபோது அந்த ஊர் நம் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது.

தியேட்டர் நடத்த ஆட்சியர் தரும் 'சி' படிவ உரிமம், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று எல்லாம் காகிதத்தில் சரியாகவே இருக்கும். ஆய்வுக்குத் தேதி சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்குப் பூட்டு இருக்காது. அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் இரவுக் காட்சிக்கு வந்து பார்க்கட்டும். அப்புறம் கல்யாண மண்டபங்களையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை